வாசித்துக் காட்டப்பட்டது

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என்னைக் கையெழுத்துப் போட விடவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஜெர்மனியின் மேற்கே ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கிறேன். வந்து ஏழாவது வருடம். குடியுரிமைக்கு விண்ணப்பித்து, பரீட்சை எழுதி, வாடகை ஒப்பந்தத்திலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் இரண்டிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்து, கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தேன். நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த அந்த அம்மணி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இந்த நாட்டின் சுதந்திரமான ஜனநாயக ஒழுங்கை ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு எதிரான எந்த அமைப்பிலும் நான் இல்லை, இருந்ததும் இல்லை என்கிற உறுதிமொழி. நான் பேனை மூடியைக் கழற்றிவிட்டேன்.

"வாசித்தீர்களா?"

"வாசித்தேன்."

"விளங்கியதா?"

"விளங்கியது."

இந்த இரண்டு பதில்களும் எந்த அலுவலகத்திலும் என் வாயிலிருந்து தானாக வரும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தலை நிமிர்ந்தாலே போதும். ஆனால் அந்த அம்மணி விடவில்லை. "அப்படியானால் மூன்றாவது பந்தியை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். மூன்றாவது பந்தியில் என் கையளவு நீளத்துக்கு ஒரு சொல் கிடந்தது. ஜெர்மன்காரர்கள் நாலைந்து சொற்களை ரயில் பெட்டி மாதிரி கோத்து ஒன்றாக ஓட்டிவிடுவார்கள். எனக்கு முதல் பெட்டி விளங்கியது, கடைசிப் பெட்டி விளங்கியது, நடுவில் என்ன ஏற்றியிருக்கிறது என்று தெரியவில்லை. ஏதோ உளறினேன்.

அவர் தாளை எடுத்து மடித்து ஓர் உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசியுங்கள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள். விளங்காத ஒன்றில் உங்களைக் கையெழுத்துப் போட விட எனக்கு அனுமதி இல்லை." குரலில் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்.

வெளியே என் மகள் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நான் ஏதாவது தடுமாறினால் உதவட்டும் என்று அவள் அம்மா கூட அனுப்பியிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. வாசிச்சிட்டு வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப வாசிக்காமத்தான் போடப் போனீங்களா அப்பா?"

லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மாத்தளையில் ஒன்பது வருடமாக நான் ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே புத்தி அதுதான்.

2

மாத்தளை டவுனில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே மேசையில் தேத்தண்ணி ததும்பும். குழு என்று பெயர், உருப்படியாக மூன்று பேர். நஸீரா டீச்சர், எங்கள் ஊரில் சோனவர் என்று சொல்கிற முஸ்லிம், கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மாத்தளையில் அவரிடம் குட்டு வாங்காத வியாபாரி குறைவு. சோமசிரி மாத்தயா, அதாவது சோமசிரி ஐயா, சிங்களவர், லக்கலைப் பக்கம் தபால் அதிபராக இருந்தவர், சிங்களத்தில் அவர் எழுதும் கடிதத்தில் எந்த அதிகாரியும் பிழை பிடிக்க முடியாது. மூன்றாவது நான். பகலில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை, நாலு மணிக்குப் பிறகு இந்த அறை.

எங்கள் வேலை சின்னது. சிங்களத்தில் மட்டும் வருகிற கடிதங்களைத் தமிழில் சொல்வது, தமிழில் பதில் வேண்டும் என்று கேட்டு எழுதுவது, பொலிசுக்கோ கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கோ போகிறவர்களுடன் மொழிபெயர்க்கப் போவது, வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்புவது. தமிழும் அரச மொழிதான் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டம் கொழும்பில் இருக்கிறது, கவுண்டர் இங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் எங்கள் குழு.

சுவரில் நஸீரா டீச்சர் மூன்று வரி எழுதி ஒட்டியிருந்தார். வாசிக்கத் தெரியாததற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டாம். வருகிறவர்களிடம் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு.

எங்களை அதிகம் அலைக்கழித்தவை தெரியாத சொற்கள் அல்ல, தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள். ஒருமுறை ரிவர்ஸ்டன் பக்கமிருந்து வந்த ஒருவர் கண் கலங்கி நின்றார். "பெரிய ஐயா எனக்கு அவஸ்தை குடுப்பேன்னு மொகத்துக்கு நேரா சொல்றாருங்க." விசாரித்துப் பார்த்தால், அதிகாரி இன்னொரு சந்தர்ப்பம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் அவஸ்தாவ என்றால் சந்தர்ப்பம். சோமசிரி மாத்தயா இதைக் கேட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஒரே சமஸ்கிருத அம்மா பெத்த பிள்ளைகள், ரெண்டு வீட்டுல வளந்து ரெண்டு புத்தியா போச்சு" என்பார். அவருடைய தமிழ் நாங்கள் சொல்லிக் கொடுத்தது. எங்களுடைய நல்ல சிங்களம் அவர் சொல்லிக் கொடுத்தது.

நாங்களும் சிரித்தோம். சிரிப்பாக மட்டுமே முடியும் என்று நினைத்திருந்த காலம் அது.

3

இங்கே நான் தபால் பொதிகள் பிரிக்கிற நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடியும். வார்டு, தெரு, கதவிலக்கம். எட்டு மணிநேரமும் மற்றவர்களுடைய விலாசங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சம்பளம்.

வந்த முதல் வாரம் எங்கள் கட்டடத்தின் வாசலில் கடிதப்பெட்டியில் என் பெயரை அச்சடித்து ஒட்டினார்கள். அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அண்ணன் மறுநாள் போன் எடுத்து, "என்னடா, வீட்டப் படம் புடிச்சு அனுப்புவன்னு பாத்தா பொட்டியப் புடிச்சு அனுப்பிருக்க" என்றான். அவனுக்கும் காரணம் தெரியும். ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள் நாங்கள். லயத்தில் வீட்டுக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் இருநூறு குடும்பத்துக்கும் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போது வருமோ அப்போது வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்து வேலை இழந்தவர்கள் எங்கள் லயத்திலேயே மூன்று பேர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிறார்கள். வளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் ஓர் இலக்கம் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கதை.

இந்த நாட்டுத் தமிழர்கள் நடுவில் நான் ஒரு மாதிரிப் பிராணி. பெரும்பாலானவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். "எந்த ஊர்?" என்பார்கள், "மாத்தளை" என்பேன், "ஓ, மலையகமோ" என்பார்கள், பிறகு கொஞ்ச நேரம் தேயிலை பற்றிப் பேசுவார்கள். ஆர்த்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ஒருநாள் வந்து சொன்னாள், "அப்பா, போறேன் எண்டு சொல்லக்கூடாதாம். போறன் எண்டுதான் சொல்லோணுமாம்." வீட்டில் ஒரு தமிழ், வகுப்பில் ஒரு தமிழ், கோபம் வந்தால் ஜெர்மன். அவளை நான் திருத்தப் போவதில்லை. ஆனால் என் வாயிலிருந்து வருகிற தமிழைக் கேட்டு என் மகள் நெற்றியைச் சுருக்கும்போது வலிக்கிறது. சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டங்களில் என்னை மேடைக்கு அழைத்து, அடக்குமுறைக்கு முகம் கொடுத்து நாட்டை விட்டு வெளியேறிய செயற்பாட்டாளர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நான் அப்படி வெளியேறவில்லை. என் மனைவி வசந்தி தாதி. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது, அவளுடைய பெட்டிக்குப் பின்னால் நானும் வந்தேன். அந்த அறிமுகத்தை நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

4

பரமேஸ்வரி அக்காவைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதவில்லை.

அது ஒரு தேர்தல் நேரம். ரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டங்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், வாக்காளர் அட்டைகள் லயங்களுக்கு வந்து சேரவில்லை. கட்டு கட்டாக ஆபீஸ் அலுமாரியில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பரமேஸ்வரி அக்கா, எல்லாருக்கும் பரமு அக்கா, தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு கூடையோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றார். எங்கள் அட்டையைத் தாருங்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். நெரிசலில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. யார் உடைத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் பரமு அக்காவைப் பொலிசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

வாக்குமூலம் எழுதிய சார்ஜன்ட் கெட்டவர் அல்ல. அக்காவுக்கு நாற்காலி கொடுத்தார். ஒவ்வொரு கேள்வியையும் அவர் சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, அக்கா தமிழில் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்ல, அவர் எழுத, ஒரு மணிநேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு இன்னொருவர் உள்ளே வந்தார். சிவில் உடுப்பு. என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, என் பெயரையும் பாமசியின் பெயரையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். எங்கள் குழுவை யார் நடத்துகிறார்கள், வெளிநாட்டுக்காரர் வருகிறார்களா என்று கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது சார்ஜன்ட் அடுத்த கேள்வியை நேராக அக்காவிடமே கேட்டுவிட்டார்.

"மீட்ட கலின் அபராதயக் கரலா தியெனவாத?"

இதற்கு முன் குற்றம் ஏதாவது செய்திருக்கிறாயா என்பது கேள்வி. அக்காவுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். அபராதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் திரும்பும்வரை அவர் காத்திருக்கவில்லை. நம்முடைய தமிழில் அபராதம் என்றால் தண்டம்தானே. முந்தின வருடம் காட்டில் விறகு பொறுக்கியதற்கு ஒருமுறை தண்டம் கட்டியிருந்தார்.

"ஒவ் மாத்தயா, எக்க பாரக்" என்றார், பளிச்சென்று. ஆமாம் ஐயா, ஒரு தடவை. "கெவ்வா" என்றும் சேர்த்துக்கொண்டார். கட்டிவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லாத மனுஷியின் பதில்.

சார்ஜன்ட் எழுதினார். அந்தக் கேள்வியும் பதிலும் என் காதில் விழுந்தன. அரைகுறையாக விழுந்தன என்று நெடுநாள் எனக்கே சொல்லிவந்தேன். முழுசாகத்தான் விழுந்தன. என்ன நடந்துவிட்டது என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும். ஆனால் என் அடையாள அட்டை இன்னும் அந்த மனிதரின் கையில் இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான், வாசலைத் தாண்டிவிட வேண்டும். சார்ஜன்ட் தாளைத் திருப்பி, அக்கா போட வேண்டிய இடத்தையும் நான் போட வேண்டிய இடத்தையும் காட்டினார். என் இடத்துக்கு மேலே, வாக்குமூலத்தை வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று ஒரு வரி.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, ஒருக்கா வாசிச்சுக் காட்டுவீங்களா?" எங்கள் சுவரில் இருந்ததைக் கற்றுக்கொண்டு வந்து கேட்ட பெண்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. போடுங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

போட்டார். நானும் போட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பஸ் அன்றைக்கு அரை மணிநேரம் பிந்தித்தான் வந்தது.

5

அந்த வாக்குமூலத்தின்படி பரமு அக்கா ஏற்கனவே குற்றம் செய்து ஒப்புக்கொண்டவர், ஆகவே கூட்டத்தைத் தூண்டிவிட்டவரும் அவர். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில், அவருக்கு ஆயா வேலை உறுதியாகியிருந்தது. பொலிஸ் அறிக்கை வந்ததும் இல்லை என்றுவிட்டார்கள். வழக்கு தவணை தவணையாக ஓடுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, இழந்து மாத்தளைக்கு வந்து, நீதிமன்ற வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அபராத என்று எழுதியிருப்பதைச் சோமசிரி மாத்தயா பிரதியில் வாசித்த அன்று தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு "அபராதே..." என்றார். பேச்சுச் சிங்களத்தில் அதற்கு மூன்றாவது அர்த்தம் ஒன்று உண்டு. அநியாயமாப் போச்சே, வீணாப் போச்சே. பால் கொட்டினால், இளம் வயதில் ஆள் செத்தால் அப்படிச் சொல்வார்கள். "அவங்க வாசிச்சுக் காட்டலியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அவர் கேட்டது பொலிசை. நான் சொன்ன பதிலும் பொய்யில்லை. அப்படித்தான் நான் தப்பித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கையெழுத்து விவகாரத்துக்கு இரண்டு நாள் முந்தி, நஸீரா டீச்சர், 'சொல்லு' 'செல்லு' ஆகவும் 'இருக்கு' 'ஈக்கு' ஆகவும் வருகிற தன் வீட்டுத் தமிழில், வாட்ஸ்அப்பில் பேசினார். வழக்கமாகப் பேத்தியின் படிப்பில் தொடங்குவார். அன்றைக்கு அது இல்லை.

"சேகர், அந்த சிவில் உடுப்புக்காரங்க திரும்பவும் வந்தாங்க. மூணாவது தடவ. எங்கட குழுவத் திரும்பப் பதியணுமாம். அதுக்கு நாங்க ஒதவி செஞ்ச எல்லாரோட பேர், விலாசம், போன் நம்பர், எல்லாம் கேக்கிறாங்க."

"குடுத்தீங்களா டீச்சர்?"

"நான் ஏன் குடுக்கிற? அது அமானிதம். எங்கள நம்பி ஒப்படைச்ச பேர். பதியாட்டிப் போகட்டும்னு செல்லிட்டேன். அச்சகக்காரர் பாவம், அறைய உட்டுக் குடுங்கன்னு கெஞ்சிறார். அவருக்கும் புள்ள குட்டி ஈக்குது. சோமசிரி மாத்தயாவ ஊருல சாவு வீட்டுக்கு ஒதவுற மரணாதார சமிதியில இருந்து எடுத்துட்டாங்களாம். தமிழாக்களுக்கும் சோனவங்களுக்கும் கடிதம் எழுதிக் குடுக்கிற ஆளோட சாவுக்கு எங்கட கூடாரம் இல்லன்னு. அவர் என்ன செல்லுறார் தெரியுமா? 'அப்ப நான் சாகாம இருக்கிறது நல்லது' எங்கிறார்."

சிரிக்க முயன்றோம். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். பரமு அக்காவின் வழக்கு அடுத்த மாதம் முடிவுக்கு வருகிறது. வழக்கை நடத்துகிற லோயர் சொல்கிறார், அந்த ஒரு வரியை உடைக்க ஒரே வழிதான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் ஒரு சத்தியக்கடதாசி தர வேண்டும். வாக்குமூலம் அவருக்கு வாசித்துக் காட்டப்படவில்லை, அந்தச் சொல் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது என்று.

"தூதரகத்துல ஒரு அதிகாரிக்கு முன்னால கையெழுத்து வச்சா செல்லுமாம். ஒங்கட பேர் வெளிய வரும், சேகர். ஊருக்கு வாற நேரம் கேள்வி கேப்பாங்க. நான் ஒங்களக் கட்டாயப்படுத்த மாட்டேன். யோசிச்சு செல்லுங்க. ஆனா கெதியா யோசிங்க."

6

யோசித்தேன். பொதி பிரிக்கும்போது யோசித்து, பதினெட்டாம் வட்டாரத்துப் பொதிகளை எண்பத்தொன்றில் போட்டேன்.

அம்மணி கொடுத்த உறையில் உறுதிமொழியோடு இன்னொரு படிவமும் இருந்தது. அதில் ஒரு கேள்வி: உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ உங்கள் மேல் விசாரணை ஏதும் நடக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று கையெழுத்து வைத்தவன், இப்போது வாசித்துக் காட்டவில்லை என்று சத்தியம் பண்ணினால், அங்கே என் மேலேயே விசாரணை தொடங்கலாம். 'இன்னும் இல்லை' என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வசந்தி நேராகச் சொன்னாள். "மொதல்ல பாஸ்போட் வரட்டும். பொறகு என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஏழு வருஷமா நான் கெழவன் கெழவியத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சது இதுக்குத்தான்." அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. அடுத்த மாதம் வழக்கு, பாஸ்போட் வர ஆறு மாதம். அது அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணனுக்கும் எடுத்தேன். மாத்தளையில் சில்லறைக் கடை வைத்திருக்கிறான். "டேய், நீ அங்கேருந்து ஒரு தாள அனுப்பிருவ. கடைக்கு வந்து நிக்கிறவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது நானு. வேணாம்டா" என்றான். பத்து நிமிடம் கழித்து அவனே திரும்ப எடுத்தான். "அந்தப் பரமு அக்கா நேத்து கடைக்கு வந்துச்சு. சீனி வாங்கிட்டு, தம்பி சொகமான்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல." அதோடு வைத்துவிட்டான்.

இதையெல்லாம் ஒரு வீரன் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். ஊரில் பெயர்ப் பட்டியலைத் தர மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்கிறார் நீரிழிவோடு இருக்கும் ஒரு டீச்சர். செத்தால் தூக்க ஆளில்லாவிட்டாலும் கடிதம் எழுதுவேன் என்கிறார் ஒரு சிங்கள மனிதர். குடியரசின் பாதுகாப்பில், சூடேற்றிய அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு பக்கம் எழுத நாலு நாள் ஆனது.

சனிக்கிழமை மத்தியானம் எழுதி முடித்தேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் எழுதினேன். "மேற்படி வாக்குமூலம் குறித்த பெண்ணுக்கு வாசித்துக் காட்டப்படவில்லை. 'அபராத' என்ற சொல் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது." லோயர் கேட்டது அதுதான், சட்டத்துக்கும் போதும். ஆர்த்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தமிழ் வகுப்பில் அவள்தான் முதல். எழுத்துக் கூட்டி வாசித்தவள், "அழகான தமிழ் அப்பா, பிழை ஒண்டும் இல்லை" என்றாள்.

7

கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் பரமு அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்று தெரியவில்லை. அவரைப் பற்றிய தாள். ஒருமுறை அவர் கேட்டும் வாசிக்காமல் விட்ட தாளுக்கு அடுத்த தாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பகல் ஒரு மணி, அங்கே பொழுது சாயும் நேரம். நஸீரா டீச்சரிடம் நம்பர் வாங்கி எடுத்தேன்.

ஏழு வருடத்தில் முதல் முறை. அவருக்கு என் குரல் நினைவிருந்தது.

"ஆ, தம்பியா! நல்லா இருக்கீங்களா? சம்சாரம், மக எல்லாம் சொகமா? அங்க ரொம்பக் குளிராமே."

"சொகந்தான்கா. ஒரு தாள் எழுதிருக்கேன். ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்."

"இருங்க தம்பி, ரேடியோவக் கொறைக்கிறேன்." போனை வைக்கிற சத்தம், தகரத்தில் மழை விழுகிற சத்தம், திரும்ப எடுக்கிற சத்தம். "இப்ப வாசிங்க."

வாசித்தேன். என் பெயர், முகவரி, நான் யார், எங்கே, என்ன நடந்தது. எந்தத் தடங்கலும் இல்லாமல் கேட்டார். வாசித்துக் காட்டப்படவில்லை என்கிற வரி வந்தது. அதைத் தாண்டி இரண்டு வரி போனபிறகு நிறுத்தினார்.

"தம்பி, ஒரு நிமிசம். அந்த மேல உள்ளத இன்னொருக்கா சொல்லுங்க."

"மேற்படி வாக்குமூலம் குறித்த பெண்ணுக்கு வாசித்துக் காட்டப்படவில்லை."

"ம். யாரு காட்டல?"

அந்த வரியைத் திரும்பப் பார்த்தேன். மழை விழுந்துகொண்டிருந்தது.

"இல்ல தம்பி, எனக்கு வெளங்கலன்னுதான் கேக்குறேன். காட்டலன்னா காட்டாத ஆளு ஒருத்தர் இருக்கணுமே. சார்ஜன்ட் மாத்தயாவா? அந்த ஆளு பாவம், எனக்குக் கதிர போட்டு ஒக்கார வச்ச மனுசன். அந்த ஆள இழுத்து விட்டுராதீங்க."

"சார்ஜன்ட் இல்லக்கா."

"அப்ப?"

"நான்தான்."

"ஆங்" என்றார். அதில் கோபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கணக்குப் பிள்ளை கொழுந்தின் நிறையைச் சரியாகச் சொன்னால் அவர்கள் சொல்கிற ஆங் அது. "அதுதான் எனக்கும் ஞாபகம். நீங்க அன்னிக்கி பயந்துட்டீங்க தம்பி. ஒங்க மொகத்துலயே நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் நான் வேற பேசாம போட்டேன். பெறகு லயத்துல கேட்டாங்க, வாசிச்சாங்களான்னு. வாசிச்சாங்கன்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு."

ஏழு வருடமாக அவர் ஒரு வரியைச் சுமந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இரண்டு வரியைச் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சமையலறைக் கதவோரம் நின்ற வசந்தி அதைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போனவள் ஒரு பேனையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"அக்கா, லைன்லயே இருங்க" என்றேன். அந்த அழகான வரியின் மேல் கோடு இழுத்தேன். அதற்கு மேலே எழுதினேன். எழுதியதை வாசித்தேன்.

"இந்த வாக்குமூலத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லி அவர் என்னிடம் கேட்டார். அபராத என்ற சொல்லை அவர் தண்டம் என்று விளங்கிக்கொண்டு பதில் சொன்னது எனக்குத் தெரிந்திருந்தும், நான் பயந்துபோய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்."

"பஸ்ஸுன்னு ஏதோ சொன்னீங்களே" என்றார் அக்கா.

அதையும் எழுதினேன்.

"இப்ப மொதல்ல இருந்து ஒருக்கா வாசிங்க."

என் பெயரிலிருந்து தொடங்கிக் கடைசிப் புள்ளி வரை வாசித்தேன். மேசைக்கு எதிரே ஆர்த்தி நெற்றியைச் சுருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை ரயிலில் தூதரகத்துக்குப் போக வேண்டும், அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிக்கு. அந்த இரண்டு கட்டங்களில் எதில் அடையாளம் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த அம்மணியிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.

வாசித்து முடித்தபோது மறுமுனையில் மழை விட்டிருந்தது.

"வெளங்கிருச்சு தம்பி" என்றார் பரமு அக்கா. "இனிப் போடலாம். இன்னிக்கி பஸ்ஸுக்கு அவசரம் ஒண்ணும் இல்லயே?"

"இல்லக்கா" என்றேன்.